மூன்றாவது நீதிபதி

என் கணவர் ஜோத்தம் வாட்லி மாசசூசெட்ஸ் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி. இதைச் சொன்னால் எல்லோரும் அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றித்தான் கேட்பார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்ததைவிடக் குதிரை முதுகில் உட்கார்ந்ததுதான் அதிகம். எங்கள் நீதிமன்றம் ஓரிடத்தில் தங்காது. மாவட்டம் மாவட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். கூடவே நீதிபதிகளும் சேற்றிலும் பனியிலும் போக வேண்டும், கண்ட கண்ட சத்திரத்தில் அழுக்குப் படுக்கையைப் பகிர்ந்து படுக்க வேண்டும். பதவி கொடுத்தவர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

பதவி வந்த வருஷம் நான் பூரித்துத்தான் போனேன். தோல் பதனிடுகிறவரின் மகன், இரவல் புத்தகத்தில் சட்டம் படித்தவர், இந்த இடத்துக்கு வந்தாரே என்று. குளிர்காலத்துக்குச் சிவப்பு அங்கி, கோடைக்குக் கறுப்புப் பட்டு அங்கி, இரண்டையும் என் கையாலேயே தைத்தேன். சிவப்பு அங்கியில் அவரைப் பார்த்து எங்கள் ஒரே மகள் ரோடா பயந்து போய் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். பிறகு அவரே மேசைக்கு அடியில் போய், அங்கியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படித்தான் பயம் தெளிந்தது.

அவர் ஊர் திரும்பும்போதெல்லாம் ரோடா வாசலில் நிற்பாள். குதிரையைவிட்டு இறங்குவதற்குள் கேட்டுவிடுவாள், "இந்தத் தடவ யார விட்டீங்கப்பா?" என்று. யாரைத் தண்டித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் விடுதலையானவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார். பன்றி திருடியதாகப் பிடித்தவன், கள்ள நாணயம் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட கிழவி, இப்படி. பூட்ஸைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

கிழக்கே மெய்ன் பக்கத்துக்கு மட்டும் நீதிமன்றம் வருஷத்துக்கு ஒரு முறைதான் போகும், கோடை தொடங்கும்போது. மாவட்ட எல்லையில் ஷெரீப் ஊர்ப் பெரியவர்களோடு காத்திருந்து, முரசு அடித்து நீதிபதிகளை அழைத்துப் போவார். மரச்சிறைக்குள் கிடப்பவர்களுக்கு அந்த முரசுதான் சேதி. மூன்று நீதிபதிகள் இருந்தால்தான் மன்று கூடும் என்பது சட்டம். இரண்டு பேர் வந்து மூன்றாமவர் வராவிட்டால், சில நாள் காத்திருந்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். சிறையில் இருப்பவர்களுக்கு அப்புறம் அடுத்த வருஷந்தான்.

ரோடாவுக்கு ஒன்பது வயதானபோது ஊரில் தொண்டை நோய் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரே வீட்டிலிருந்து மூன்று சின்னச் சவப்பெட்டிகள் போயின. ரோடாவுக்கும் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. அவர் கிழக்கே கிளம்ப வேண்டிய நேரம் அது. போங்கள் என்றும் நான் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. மாட்டிய பூட்ஸை அவரே கழற்றி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோடா பிழைத்துக்கொண்டாள். அந்த வருஷம் கிழக்கே மன்று கூடவில்லை.

அடுத்த கோடையில் அங்கே போனவர், போன வருஷத்து வழக்குகளில் முதலாவதாக ஹல்டா பைக் என்ற பெயரைக் கூப்பிடச் சொன்னார். எஜமானர் வீட்டுக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட வேலைக்காரப் பெண், பதினேழு வயது. குளிர் தாங்காமல் பிப்ரவரியிலேயே செத்துப் போனாள் என்று சிறைக் காவலர் எழுந்து சொன்னாராம். தீ சமையலறைப் புகைபோக்கியில்தான் பிடித்தது என்று அதற்குள் அந்த எஜமானரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

திரும்பி வந்த அன்றும் ரோடா வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு பன்றித் திருடன் பெயரைச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். இவருக்குப் பொய் வராது. ஹல்டாவின் கதையை முழுக்கச் சொன்னார், தான் ஏன் போகவில்லை என்பதையும் சேர்த்து. அன்று அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லுகிற விஷயமா இது என்று. அவர் சொன்னது ஒன்றுதான். "கேட்டா. சொன்னேன்."

ரோடா அழவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது ஹல்டா பெயரையும் சேர்த்துக்கொண்டாள். பெரியவளான பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த அமர்வையும் தவறவிட்டதில்லை. பனி உடைந்து குதிரையோடு ஆற்றில் விழுந்தார், எழுந்து போனார். தோள் எலும்பு முறிந்தது, கட்டுப் போட்டுக்கொண்டு போனார். என் அம்மா செத்தபோது எங்கோ பெர்க்‌ஷயர் மலையில் நில வழக்கு கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் வீட்டில் என்ன செய்வது? அவருக்கு எடுத்து வைத்த சோளக்கஞ்சி ஆறிப் போய்ப் பன்றிக்குத்தான் போகும்.

ரோடாவின் பத்தொன்பதாவது வயதில் இருமல் வந்தது. முதலில் சளி என்றோம். பிறகு கைக்குட்டையில் ரத்தம் பார்த்தோம். வசந்தத்தில் மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டு, கோடையைத் தாண்ட மாட்டாள் என்று சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கூடத்துக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பாதை தெரிகிற மாதிரி அவளைப் படுக்க வைத்தோம்.

கிழக்கே போகும் நாள் நெருங்கியது. தலைமை நீதிபதி பாஸ்டனில் காய்ச்சலில் கிடந்தார். இன்னொருவர் குளிர்காலத்தில் இறந்துபோய், அந்த இடம் காலியாகவே இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த மற்றொரு நீதிபதி கர்னல் தார்ன்டைக்குக்குக் காலில் வாதம், தரையில் பாதம் வைக்க முடியாது, வர இயலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பேர் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் இவர்தான். அங்கே சிறையில் எனோஸ் டாபர் என்று ஒரு மரம்வெட்டி, அடிதடியில் ஒருவனைக் கொன்றதாக இலையுதிர் காலத்திலிருந்து கிடக்கிறானாம். அந்த எனோஸை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் அவர் பூட்ஸை மாட்டினார், பிறகு கழற்றினார். "நான் போகல" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ரோடா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்காக நீங்க ஒரு தடவ வீட்ல இருந்துட்டீங்க. அது போதும்."

"அது வேற, இது வேறம்மா."

"ஹல்டாவுக்கு வேறயா இருந்திருக்காது" என்றாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள். "போய்ட்டு வாங்க. வந்து யார விட்டீங்கன்னு சொல்லணும்ல. அத கேக்கறதுக்காவது நான் இருக்க மாட்டேனா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் என்ன சொல்வது? போகாதீர்கள் என்று சொல்லியிருந்தால் மகள் என்னை மன்னித்திருக்க மாட்டாள். போங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அவர் மறுபடியும் பூட்ஸை மாட்டினார். மகள் நெற்றியில் கை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார். கறுப்பு அங்கியை ஆணியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கூப்பிடாமல் விட்டால் அங்கிக்காகத் திரும்பி வருவார், வந்தால் மனசு மாறலாம் என்று ஒரு நினைப்பு. ஜன்னலிலிருந்து ரோடா பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் சமைக்கக் கூடாது என்று பயறுப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கர்னல் வீட்டு ஆள் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். படகில் ஆற்றை எதிர்த்து ஏறி வந்தவனாம், எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டதாம். எங்கள் பாதிரியார் மூலம் ரோடாவின் நிலைமை கர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. வாதக்காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, அப்படியே நாற்காலியோடு தன்னைத் தூக்கிக் கப்பலில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். கிழக்கே போகும் கப்பல் வெள்ளிக்கிழமை மத்தியானமே பாய் விரித்துப் போய்விட்டது. அந்த ஆள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கர்னல் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "மூணாவது ஆளா நான் இருக்கேன். வாட்லிய அவரு பொண்ணுகிட்டயே இருக்கச் சொல்லு."

நான் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே எங்கள் பண்ணையாள் கேலப்பைக் குதிரையேற்றி அனுப்பினேன். அவர் எப்படியும் ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்ய மாட்டார், ஓய்வுநாளில் பயணம் போவது சட்ட விரோதம், ஏதாவது சத்திரத்தில்தான் இருப்பார், பிடித்துவிடலாம் என்று என் கணக்கு. கணக்கு சரிதான். அவர் ஆற்றுக்கு அக்கரையில் யார்க் ஊர்ச் சத்திரத்தில் தங்கி, காலையில் ஒரு பிரசங்கமும் மத்தியானம் ஒரு பிரசங்கமும் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயேதான் இருந்தார்.

கேலப்பை ஞாயிற்றுக்கிழமை காலையில் வழியில் ஒரு ஊரில் ஓய்வுநாள் காவலர் தடுத்துவிட்டார். சாகக் கிடக்கிற பெண்ணுக்காகப் போகிறேன், நீதிபதி வாட்லியின் வீட்டு ஆள் நான் என்று கேலப் கெஞ்சியிருக்கிறான். அந்த மனுஷன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க மச்சானும் இப்படித்தான் அவசரம்னு ஞாயித்துக்கிழம வண்டி ஓட்டுனான். அபராதம் சரிதான்னு தீர்ப்பு சொன்னது யாரு தெரியுமா? உங்க வாட்லி ஜட்ஜுதான். போய் அந்தக் கொட்டகைல உக்காரு" என்றாராம். பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார். கேலப் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகுக்காரன் படகைக் கட்டிவிட்டுப் படுத்திருந்தான். திங்கள்கிழமை அக்கரைக்குப் போனால், வாட்லி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள். அப்புறம் குதிரை நொண்டிவிட்டது. கேலப் நடந்தே வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்க முடியாமல் தொழுவத்துக்குப் போய் அழுதான்.

நான் ரோடாவிடம் எதையும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது யார் என்று கேட்டாள். கர்னல் வீட்டிலிருந்து உன்னை விசாரிக்க வந்தார்கள் என்றேன். பொய்யில்லை அது.

அவள் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அப்பாவின் பாதையை மனசிலேயே போய்க்கொண்டிருந்தாள். இந்நேரம் எந்த ஆற்றைத் தாண்டியிருப்பார், எந்தச் சத்திரத்தில் கெட்டுப்போன மீனைத் தின்றுகொண்டிருப்பார் என்றெல்லாம். நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது. கடைசியில் ஸ்பூனில் ஊற்றிய ஆப்பிள் சாறுகூட இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"முரசு அடிச்சிருப்பாங்களாம்மா?"

"அடிச்சிருப்பாங்கடி."

"அப்ப எனோஸ் கேட்டிருப்பான்" என்றாள். அந்த முகம் தெரியாத மரம்வெட்டியை ஏதோ சொந்த அண்ணன் மாதிரி சொன்னாள். வெயில் கட்டிலைவிட்டு நகர்வதற்குள் போய்விட்டாள்.

முரசு அடித்துத்தான் இருந்தார்கள். ஷெரீப் எல்லையில் நின்று அவரை மரியாதையோடு அழைத்துப் போயிருக்கிறார். சத்திரத்துக்குள் நுழைந்தால், முக்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கர்னல் உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். "நீ ஏன்யா இங்க வந்த?" என்று கர்னல் கேட்டபோதுதான் அவருக்குப் புரிந்தது. சேணத்தில் கட்டியிருந்த அங்கியைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே குதிரையைத் திருப்பிவிட்டார். வழியில் குறுக்கிட்ட ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்காமல் வந்தார். அவரை எந்தக் காவலரும் தடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அவர் வருவதற்குள் நாங்கள் அடக்கம் செய்துவிட்டோம். கோடைச் சூட்டில் வைத்திருக்க முடியவில்லை.

வாசலில் ரோடா வழக்கமாக நிற்கும் இடத்தில் குதிரையை நிறுத்தினார். ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். அதில் மெத்தை இல்லை. அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தார். முழங்கால் வரை சேறு.

"கர்னல் ஆளு வந்தானா?"

"வந்தான். நீங்க போன மறுநாளு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க இல்லன்னா கோர்ட்டு கூடாதுன்னு நெனச்சிக்கிட்டேதான் போனா."

அவர் தலையை ஆட்டினார். அவர் வந்தால் என்னென்ன கேட்பது என்று நாலைந்து நாளாக நான் மனசில் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் போய், ஒன்றுதான் வாயில் வந்தது. "அங்க நீங்க வேண்டியிருக்கல. இங்க வேண்டியிருந்துச்சு. ரெண்டு எடத்துலயும் நீங்க இல்ல."

"ஆமா" என்றார்.

சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் அவர் பூட்ஸைக் கழற்றக் குனிந்து, முடியாமல் அப்படியே குனிந்தபடி இருந்ததைப் பார்த்தபோது, நானே கீழே உட்கார்ந்து இரண்டையும் இழுத்துக் கழற்றினேன். அப்போதுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

கொஞ்ச நாள் கழித்துக் கர்னல் வண்டியில் வந்தார். கேலப்பும் வண்டிக்காரனும் நாற்காலியோடு அவரை உள்ளே தூக்கி வந்தார்கள். அந்தப் பெரிய உடம்புக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நா முன்னாடி சொல்லி அனுப்பியிருக்கணும்மா நானு" என்று குழந்தை மாதிரி விசும்பினார். அவரைத் திட்ட எனக்கு மனசில்லை. செய்தது நல்ல காரியம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. போகும்போது வழக்கின் முடிவைச் சொன்னார். எனோஸ் தற்காப்புக்காகத்தான் அடித்தான் என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள், விட்டாயிற்று. விட்டதும் அவன் நேரே ரம் குடிக்கப் போய்விட்டானாம். போகட்டும். அவனுக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலையில் என் கணவர் ஆணியிலிருந்து கறுப்பு அங்கியை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குத் திக்கென்றது. கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனார். அங்கியைப் போட்டுக்கொண்டு, மண் இன்னும் படியாத மேட்டுக்குப் பக்கத்தில், அன்று மேசைக்கு அடியில் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்தார். நான் கல் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"எனோஸ விட்டாச்சும்மா" என்றார். "எல்லையிலயே முரசு அடிச்சாங்க. அவன் உள்ள இருந்து கேட்டானாம். மூணு பேர் உக்காந்தோம், நாந்தான் மூணாவது. நான் போகலன்னா கோர்ட்டே நடந்திருக்காது. நீ அனுப்பி வச்சது நல்லதாப் போச்சு."

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அவர் நீதிபதியாக இருந்தார். அவருடைய தீர்ப்புகளை இப்போதும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். அவர் சொல்லி முடிக்கும் வரை நான் சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லை.